முத்தையன்கட்டிலிருந்து ஒரு விண்கலத்தை ஓட்ட முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். ‘ஆட்காட்டி’ என்று ஒரு விண்கலம். கிளிநொச்சியில் செய்து முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஏவுகிறார்கள். வெள்ளி, வியாழன், சனி, நெப்டியூன் என்று ஒரே பயணத்தில் ஒவ்வொரு கோளாக இறங்கி இறங்கி ஆராய்கிறது. முத்தையன்கட்டில் வீட்டில் இருந்தபடி வதனி என்ற பெண் அதை மடிக்கணினியில் ஓட்டுகிறாள், அதனோடு கதைக்கிறாள், படங்கள் உடனுக்குடன் வருகின்றன. மின்சாரம் சோலரில். கதையை வாசித்த நண்பர் ஒருவர் ‘முழுக்கப் பொய்’ என்று சொல்லிவிட்டார். இதில் எது நடக்கும், எது நடக்காது என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு தரம் வாசித்த பிறகு, உங்களுக்கு வேண்டியது வேறொன்று என்று பட்டது. கதை என்றாலே இல்லாததைச் சொல்வதுதான். எந்த இடத்தில் இல்லாததைச் சொன்னால் வாசிக்கிறவர் கூடவே வருவார், எந்த இடத்தில் சொன்னால் கையை விட்டுவிடுவார் என்பதுதான் உங்கள் சந்தேகம். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அதற்கு முதல் ரேடியோ திருத்துகிற வேலை பார்த்தவன். விண்கலம் செய்கிற இடத்தில் வேலை செய்தவன் அல்ல. ஆனால் இந்தக் கலங்கள் எப்படி ஓடுகின்றன என்பதைப் பல வருடங்களாகப் படித்தும் படிப்பித்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொன்னால், உங்கள் கதையில் நம்ப முடியாதது அதன் பெரிய ஆசை அல்ல. ஆட்காட்டிக்கு எதிலுமே குறை இல்லை. அதுதான் நம்ப முடியாமல் இருக்கிறது. மின்சாரம் தாராளம், எரிபொருள் தாராளம், நேரமும் தாராளம். உண்மையான விண்கலம் எதுவும் அப்படி இருந்ததில்லை. எல்லாமே பற்றாக்குறைக்குள் கணக்குப் பார்த்து ஓடியவை. அந்தப் பற்றாக்குறையை எழுதினால் மிச்சத்தை எவ்வளவு கற்பனை செய்தாலும் நிற்கும். வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு அதை எழுதத் தெரியாமல் இருக்காது.

நண்பர் சிரித்த முதல் இடம் முல்லைத்தீவு ஏவுதளம். அந்த இடத்தில் அவர் சொன்னது பிழை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கு நோக்கி ஏவும் ரொக்கெட்டுக்கு அந்தச் சுழற்சி வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. மத்திய கோட்டுக்குக் கிட்டப் போகப் போக அது கூடும். முல்லைத்தீவு ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது; அங்கே நிலம் செக்கனுக்கு ஏறத்தாழ 460 மீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் திறந்த வங்கக்கடல். ஐரோப்பியர்கள் தங்கள் ரொக்கெட்டை ஏவுவதற்குத் தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவின் கூரூ வரை போவது இந்த இரண்டு வசதிக்காகத்தான். இந்தியாவின் சிறீகரிக்கோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கைக்கு மேலால் போகாமல் வளைத்துத் திருப்ப வேண்டும். அதில் எரிபொருள் வீணாகிறது என்பதால்தான் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் அமைக்கிறார்கள். ஆக, இடத்தில் பிழை இல்லை. இல்லாதவை பணமும் தொழிற்சாலையும் அனுபவமும். அவை இருப்பதாகக் கற்பனை செய்ய ஒரு கதைக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: ஏவுகிற நாளில் அந்தக் கடலில் ஒரு படகும் இருக்கக் கூடாது. அளம்பிலிலும் செம்மலையிலும் நாயாற்றிலும் அன்றைக்குத் தொழில் இல்லை. உங்கள் கதையில் ரொக்கெட் எழும்போது எல்லோரும் கரையில் நின்று கைதட்டுகிறார்கள். அன்றைய பாட்டை இழந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. முல்லைத்தீவு வாசகர் அதைக் கவனிப்பார்.

அடுத்தது பாதை. ஒரே கலம் பல கோள்களைப் பார்ப்பது நடந்த விஷயம். வொயேஜர் 2, 1977 ஓகஸ்டில் புறப்பட்டு 1979இல் வியாழனையும் 1981இல் சனியையும் 1986இல் யுரேனசையும் 1989இல் நெப்டியூனையும் கடந்தது. ஒவ்வொரு கோளின் ஈர்ப்பும் அதை இழுத்துத் திருப்பி வேகம் கூட்டி அடுத்த கோளுக்கு அனுப்பியது. அந்த நான்கு கோள்களும் அப்படி வாய்ப்பாக வருவது ஏறத்தாழ 176 வருடங்களுக்கு ஒரு தரம்தான். ஆனால் நான் எழுதிய சொல்லைப் பாருங்கள்: கடந்தது. எங்கேயும் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்றால் வந்த வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைப்பதற்கு எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைப் புறப்படும்போதே சுமக்க வேண்டும். காசினி விண்கலம் 2004 யூலையில் சனியைச் சுற்றத் தொடங்குவதற்காக இயந்திரத்தை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எரித்தது. புறப்படும்போது அதன் நிறையில் பாதிக்கு மேல் எரிபொருள்தான். நின்று நின்று போன கலம் ஒன்று உண்டு: டோன் என்ற கலம் 2011இல் வெஸ்டாவைச் சுற்றியது, பிறகு அதை விட்டுப் புறப்பட்டு 2015இல் சீரிசைச் சுற்றியது. இரண்டும் சிறிய பொருட்கள், ஈர்ப்புக் குறைந்தவை. டோனிடம் அயன் இயந்திரம் இருந்தது: கொஞ்ச எரிபொருளில் மிக மெல்ல, ஆனால் நெடுநாள் தள்ளுவது. வியாழனிலும் சனியிலும் அது சரிவராது. ஆகவே ஆட்காட்டி ஒன்றில் எல்லாவற்றையும் கடந்து போகட்டும், அல்லது ஒரு இடத்தைத் தெரிந்தெடுத்து அங்கேயே நிற்கட்டும். இரண்டையும் செய்ய விடாதீர்கள்.

இறங்குவது பற்றிச் சொன்னால், வியாழன், சனி, நெப்டியூன் மூன்றிலும் கால் வைக்கத் தரை இல்லை. கீழே போகப் போக அமுக்கமும் வெப்பமும் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான். 1995 டிசம்பர் 7ஆம் திகதி கலிலியோ கலம் விட்ட சிறிய ஆய்வுகலம் வியாழனின் வளிமண்டலத்துக்குள் செக்கனுக்கு ஏறத்தாழ 47 கிலோமீற்றர் வேகத்தில் பாய்ந்தது. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தரவு அனுப்பிவிட்டு அடங்கிப்போனது. வெள்ளியில் தரை உண்டு, ஆனால் 460 பாகை செல்சியஸ் வெப்பம். அமுக்கம் நமது கடல்மட்டத்தைப் போல் 90 மடங்குக்கு மேல். மேலே சல்பூரிக்கமில முகில். சோவியத்தின் வெனேரா 13, 1982 மார்ச்சில் அங்கே இறங்கி 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. அதைக் கட்டியவர்கள் எதிர்பார்த்தது 32 நிமிடம். ஆட்காட்டி வெள்ளியில் மூன்று மாதம் ஊர்ந்து திரிகிற அத்தியாயத்தை நீங்கள் எடுத்துவிடத்தான் வேண்டும்.

அப்படியென்றால் எங்கே இறக்குவது? நான் எழுதுவதாக இருந்தால் டைட்டனில் இறக்குவேன். சனியின் மிகப் பெரிய நிலா அது. கெட்டியான வளிமண்டலம் உண்டு, பெரும்பகுதி நைதரசன். அமுக்கம் நமதைப் போல் ஒன்றரை மடங்கு. ஈர்ப்பு நமதில் ஏழில் ஒன்று. மழை உண்டு, ஆறு உண்டு, ஏரி உண்டு. ஆனால் வெப்பநிலை மறை 179 பாகை. பெய்வதும் ஓடுவதும் தேங்குவதும் திரவ மெதேன். அங்கே ஏற்கெனவே ஒரு கலம் இறங்கியிருக்கிறது. ஹைகன்ஸ் என்று பெயர். காசினியின் முதுகில் ஏறிச் சனி வரை போய் 2004 டிசம்பர் 25ஆம் திகதி அதிலிருந்து பிரிந்தது. அடுத்த நாள் காலை முல்லைத்தீவுக் கரையில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே நாங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டும் அடக்கம் செய்துகொண்டும் இருந்த அந்த 20 நாட்களும், ஹைகன்ஸ் கடிகாரங்கள் மட்டும் ஓட, மற்ற எல்லாம் அணைந்த நிலையில் டைட்டனை நோக்கி விழுந்துகொண்டிருந்தது. 2005 ஜனவரி 14ஆம் திகதி கடிகாரம் அதை எழுப்பியது. பரசூட்டில் இரண்டரை மணித்தியாலம் இறங்கியது. மஞ்சள் புகைமூட்டத்துக்குக் கீழே, ஆறுகள் கிளைவிட்டு ஓடிய தடங்களைப் படம் எடுத்தது. ஈர மணல் போன்ற தரையில் போய்க் குந்தியது. முன்னால் உருண்டைக் கற்கள். கல் என்று சொல்கிறோம், தண்ணீர்ப் பனிக்கட்டிதான், அந்தக் குளிரில் கல்லாகிக் கிடக்கிறது. தரையிலிருந்து இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தரவு வந்தது. பிறகு காசினி அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது.

இந்தத் திகதிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது தற்செயல்தான். அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் வதனியின் வயதைக் கொஞ்சம் கூட்டி, அந்த டிசம்பரில் அவளைப் பத்து வயதுப் பிள்ளையாக வைத்தால், அவள் ஏன் டைட்டனைத் தெரிந்தெடுத்தாள் என்பதற்கு நீங்கள் பத்துப் பக்கம் விளக்கம் எழுதத் தேவைப்படாது. ஹைகன்சில் இன்னொரு விஷயமும் உங்களுக்கு உதவும். அது இரண்டு அலைவரிசைகளில் தரவு அனுப்பியது. அதில் ஒன்றைக் கேட்கும் வாங்கிக் கருவியைக் காசினியில் இயக்கச் சொல்லும் கட்டளை, அனுப்பிய பட்டியலில் விடுபட்டுப் போனது. ஏறத்தாழ 700 படங்களில் பாதி அப்படியே இல்லாமல் போயின. காற்றின் வேகத்தை அளக்கும் ஆய்வு முழுக்க அந்த அலைவரிசையில்தான் இருந்தது. பூமியில் இருந்த பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் ஹைகன்சின் மெல்லிய குரலை நேரடியாகவே பிடித்ததால் அது தப்பியது. எத்தனையோ பேர் பல வருடங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையில் ஒரு வரி விடுபட்டது. உங்கள் கதையில் எதிரி நாட்டுச் சதியால் ஆட்காட்டி பழுதாகிறது. அதைவிட இது எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி மின்சாரம். சூரியனிலிருந்து தூரம் கூடக் கூட வெளிச்சம் அந்தத் தூரத்தின் வர்க்கப்படி குறையும். வியாழனில் பூமியில் கிடைப்பதில் ஏறத்தாழ 27இல் ஒன்று, சனியில் 90இல் ஒன்று, நெப்டியூனில் 900இல் ஒன்று. வியாழன் வரை சோலரில் போகலாம் என்று ஜூனோ கலம் காட்டிவிட்டது. ஆனால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீற்றர் நீளமான மூன்று பெரிய செட்டைகளை விரித்தும் அங்கே அதற்குக் கிடைத்தது ஏறத்தாழ 500 வாட்தான். சனிக்கும் அப்பாலும் போன கலங்கள் எல்லாம் புளூட்டோனியம் 238 என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளின் சூட்டிலிருந்துதான் மின்சாரம் எடுத்தன. உயர்தரத்தில் வெப்பவிணை படித்திருப்பீர்கள். இரண்டு முனையிலும் வெப்பநிலை வேறாக இருந்தால் மின் பிறக்கும் என்று. அதே தத்துவம்தான். ஓடுகிற பாகம் எதுவும் இல்லை, ஆகவே தேயாது. ஆனால் அந்தப் பொருளின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 88 வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவு. மின்சாரத்தைத் தரும் இணைப்புகளும் மெல்ல மெல்லப் பழுதாகும். புறப்படும்போது வொயேஜரிடம் 470 வாட் இருந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை.

90களில் பற்றரிக்கு இங்கே தடை இருந்தபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவில் ரேடியோவை மாட்டி, கையால் பெடலைச் சுற்றிச் செய்தி கேட்டது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் தேயும். அதே டைனமோவில் ஒரு பல்பையும் கொழுவினால் ரேடியோ ஊமையாகிவிடும். வெளிச்சம் வேண்டுமா செய்தி வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். வொயேஜரை இன்று நடத்துகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு கருவி வேலை செய்ய இன்னொன்றை நிறுத்துகிறார்கள். ஒரு ஹீட்டரை அணைத்துவிட்டு, அந்தக் குளிரில் கருவி பிழைக்குமா என்று பார்த்திருக்கிறார்கள். வதனியின் கையில் நீங்கள் கொடுக்க வேண்டியது ஓட்டுகிற பிடி அல்ல, இந்த முடிவுதான். கமராவா காந்தமானியா? ஹீட்டரா ரேடியோவா? அவள் எதை அணைக்கிறாள் என்பதில் அவள் யார் என்று தெரிந்துவிடும்.

உடனுக்குடன் ஓட்டுவது நடக்காது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ரேடியோ அலை செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். அதற்கு மேல் எதுவும் போகாது. செவ்வாய்க்கு ஒரு செய்தி போக, இரண்டு கோளும் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். சனிக்கு 1 மணி 10 நிமிடம் முதல் ஒன்றரை மணி வரை. நெப்டியூனுக்கு 4 மணித்தியாலம். வதனி ‘நிறுத்து’ என்று சொல்லி அது டைட்டனுக்குப் போய்ச் சேரும்போது ஆட்காட்டி பள்ளத்தில் விழுந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருக்கும். அதனால்தான் கலம் தானே முடிவெடுக்கும்படி முன்கூட்டியே கட்டளைகளை எழுதி வைக்கிறார்கள். ஏதாவது பிசகினால் எல்லா ஆய்வையும் நிறுத்தி, அன்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, யாராவது கதைக்கும்வரை காத்திருக்கும்படியும் பழக்கி வைக்கிறார்கள். இந்தக் காத்திருப்பு கதைக்குத் தடை என்று நினைக்காதீர்கள். 2023 நவம்பரில் வொயேஜர் 1 அர்த்தமில்லாத தரவை அனுப்பத் தொடங்கியது. நினைவகத்தில் ஒரு சில்லு செத்துவிட்டது. அதில் இருந்த நிரலை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். முழுதாக வைக்கப் போதுமான இடம் எங்கேயும் இல்லை. ஆகவே துண்டு துண்டாக வெட்டிக் கிடைத்த மூலைகளில் வைத்து, ஒன்றோடொன்று இணைத்தார்கள். 2024 ஏப்ரல் 18ஆம் திகதி கட்டளை அனுப்பினார்கள். போக இருபத்திரண்டரை மணித்தியாலம், பதில் வரவும் அவ்வளவு. 20ஆம் திகதி பதில் வந்தது. 46 வருடப் பழைய இயந்திரம். அந்த இரண்டு நாளை ஒரு அத்தியாயமாக எழுதிப் பாருங்கள். வதனி சோறு சமைக்கிறாள், வயலுக்கு வாய்க்காலில் தண்ணி திறக்கிறார்களா என்று பார்க்கப் போகிறாள், படுக்கிறாள், எழும்புகிறாள். பதில் இன்னும் வழியில் இருக்கிறது.

படங்களும் அப்படித்தான். நியூ ஹொரைசன்ஸ் கலம் 2015 யூலை 14ஆம் திகதி புளூட்டோவைக் கடந்தது. எடுத்தது எல்லாம் வந்து முடிய 2016 ஒக்டோபர் ஆனது. மொத்தத் தரவு ஏறத்தாழ 6 ஜி.பி. இன்று ஒரு கைத்தொலைபேசிக்குள் மூலையில் கிடக்கிற அளவு, அங்கிருந்து வர 15 மாதம். கேட்கிற பக்கத்திலும் மடிக்கணினி போதாது. கலிபோர்னியாவிலும் ஸ்பெயினிலும் அவுஸ்திரேலியாவிலும் 70 மீற்றர் விட்டமான டிஷ்கள் இருக்கின்றன. பூமி சுழலச் சுழல ஒன்று மாறி ஒன்று கேட்கும். முத்தையன்கட்டில் சனி மேற்கே இறங்கிவிட்டால் அங்கிருந்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் கமராவிலேயே நிற்பதும் ஒரு குறை. கோள்களைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்புகள் பல, படம் எடுக்காத கருவிகளிலிருந்து வந்தவை. எனக்கு மிகப் பிடித்தது என்சலடஸ் கதை. சனியின் சிறிய நிலா, விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. 2005 தொடக்கத்தில் காசினி அதைக் கடந்தபோது காந்தமானியில், சனியின் காந்தப்புலம் அந்த நிலாவுக்குப் பக்கத்தில் வளைந்து போவது தெரிந்தது. அங்கே ஏதோ வாயு இருக்கிறது என்று அந்தக் கருவிக்காரர்கள் மன்றாடி, யூலையில் அடுத்த தரம் போகும்போது ஏறத்தாழ 170 கிலோமீற்றர் உயரத்துக்குக் கலத்தை இறக்க வைத்தார்கள். தென்துருவத்தில் வெடிப்புகளிலிருந்து தண்ணீராவியும் பனித்துகளும் பீறிட்டுக்கொண்டிருந்தன. உள்ளே கடல். ஒரு முள் விலகியதிலிருந்து ஒரு கடல். காந்தமானியைக் கலத்திலிருந்து பல மீற்றர் தள்ளி ஒரு நீட்டுத் தடியின் நுனியில் வைப்பார்கள், கலத்தின் சொந்த மின்னோட்டம் அதைக் குழப்பாமல் இருக்க. இப்படியான ஒரு விவரம் கதையில் வந்தால் வாசிக்கிறவர் உங்களை நம்பத் தொடங்கிவிடுவார்.

ஆட்காட்டி உயிரைக் கண்டுபிடிக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இங்கே நிச்சயத்தையும் ஐயத்தையும் பிரித்துத்தான் வைக்க வேண்டும். என்சலடசின் உள்ளே உப்புத் தண்ணீர்க் கடல் இருப்பது உறுதியாகிவிட்டது. வெளியே பீறிடுவதில் காபன் சேர்வைகள் இருக்கின்றன, ஐதரசன் இருக்கிறது, பொசுபேற்றும் இருப்பதாக 2023இல் காட்டியிருக்கிறார்கள். உயிர் வாழத் தேவையான பொருட்கள் என்றுதான் இவற்றைச் சொல்லலாம். உயிர் இருக்கிறதா என்பது இன்று பூமியில் யாருக்குமே தெரியாது. ஆகவே அந்த இடம் உங்களுக்குத் திறந்து கிடக்கிறது, எழுதலாம். ஆனால் கமராவில் ஒரு மீன் நீந்திப் போவதாக எழுதாதீர்கள். மூலக்கூறுகளை இனங்காணும் நிறமாலைமானியில், இருக்கக் கூடாத அளவில் ஒரு மூலக்கூறு தெரியட்டும்; அது உயிரா, வெறும் இரசாயனமா என்று வதனியும் அவளோடு இருப்பவர்களும் கிடந்து அடிபடட்டும். உண்மையில் அப்படி ஒரு செய்தி வந்தால் அப்படித்தான் வரும் என்பது என் கணிப்பு.

கிளிநொச்சியில் ஒரு முழு விண்கலத்தைச் செய்வது பற்றி: இலங்கையின் முதல் செய்மதியான இராவணா 1, 2019இல் விண்ணுக்குப் போனது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலான எடை. இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் வைத்துச் செய்தது. அது பூமியைச் சுற்றியது. அங்கிருந்து சனிக்குத் தாவுவது பெரிய தூரம். புளூட்டோனியமும் எல்லா நாட்டுக்கும் கிடைக்கிற பொருள் அல்ல. ஆனால் 2018இல் செவ்வாய்க்குப் போன இன்சைட் கலத்தோடு மார்கோ என்ற இரண்டு சிறு கலங்கள் கூடவே புறப்பட்டன. ஒவ்வொன்றும் 14 கிலோவுக்கு உட்பட்டவை. இன்சைட் தரையிறங்கிய நேரத்தில் அதன் குரலைப் பூமிக்குக் கடத்திக் கொடுத்துவிட்டுச் சில வாரங்களில் அடங்கிவிட்டன. ஆட்காட்டியை அப்படி வையுங்கள். பல நாடுகள் சேர்ந்து அனுப்பும் பெரிய கலத்தின் ஒரு மூலையில், அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் சிலர் செய்த சிறிய ஆய்வுகலம். சோலர் இல்லை, புளூட்டோனியம் இல்லை, வெறும் பற்றரி. ஏழு வருடம் தூங்கும், சில மணித்தியாலம் வாழும். இது நாளைக்கே நடக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று: கதையில் ஒரு பக்கத்தில் மைலும் அடுத்த பக்கத்தில் கிலோமீற்றரும் வருகின்றன. 1999இல் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் செவ்வாயில் அழிந்தது, ஒரு பக்கத்தார் பவுண்டிலும் மறுபக்கத்தார் நியூற்றனிலும் கணக்குப் போட்டதால்தான். ஒரே அலகில் எழுதுங்கள்.

மிஞ்சியிருப்பது, வதனி ஆட்காட்டியோடு கதைப்பது. இதை எடுத்துவிட மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எடுக்க வேண்டாம், வழி இருக்கிறது. தூரத்துக் கோள்களுக்குப் போகும் கலங்கள் வேகம் கூட்டுவதற்காக ஒன்றிரண்டு வருடத்தில் பூமிக்கே திரும்பி வந்து உரசிக்கொண்டு போவதுண்டு. காசினி 1999 ஓகஸ்டில் ஏறத்தாழ 1,170 கிலோமீற்றர் உயரத்தில் அப்படிப் போனது. ஜூனோ 2013 ஒக்டோபர் 9ஆம் திகதி இன்னும் தாழ, ஏறத்தாழ 560 கிலோமீற்றரில் போனது. அன்றைக்கு உலகம் முழுவதும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் செய்தி அனுப்புகிறவர்கள், சேர்ந்து, ஆளுக்கொரு சின்னக் கருவியால், மோர்ஸ் குறியில் ‘HI’ என்ற ஆங்கில வணக்கத்தை அனுப்பினார்கள். இரண்டே எழுத்து, மொத்தம் ஆறு புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் 30 செக்கன் நீளம், அப்போதுதான் வியாழனின் அலைகளைக் கேட்கச் செய்த அந்தக் கருவிக்கு விளங்கும். ஜூனோ கேட்டது. பதில் சொல்லவில்லை, ஆனால் அது பதிந்து அனுப்பிய தரவில் அந்தப் புள்ளிகள் தெரிவதை அந்த வருடம் முடிவதற்குள் வெளியிட்டார்கள். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஒரு கம்பி அன்டெனாவும் மோட்டார் சைக்கிள் பற்றரியும் போதும். இலங்கையில் அமெச்சூர் ரேடியோவில் அனுப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வதனி பரீட்சை எழுதி அதை எடுத்திருக்கிறாள் என்று முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.